அமராவதி மேடையில் சொன்னது

அந்தப் பொஸ்தகத்தைக் கொஞ்சம் குடுங்களேன், பாத்துட்டுக் குடுத்தர்றன். கதை படிக்கறதுக்கில்லீங்க. அந்த அட்டைப் படந்தான். ஆரியபட்டா தானுங்க இது? சித்திரையில ரஷ்யாக்காரன் ராக்கெட்டுல வெச்சு விட்டாங்களே, நம்ம நாட்டு சேட்டிலைட்டு? வைரத்தைப் பட்டை தீட்டி வெச்சாப்பல இருக்குது பாருங்க. இதைப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்கோணும். மேடை மேடையா இதைப் பத்திப் பேசுன வாய்ங்க இது. ஆனா பாத்தவொடனே வயிறு எரியுது. ஏன்னு கேளுங்க.

நீங்க பொள்ளாச்சி வரைக்குந்தானுங்க? வாத்தியாருங்களா? நல்லதாப் போச்சு. படிச்சவங்க. உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கோணும். வால்பாறை மலை எறங்கி முடிக்கறதுக்குள்ள சொல்லிப்போடறன்.

அதா, முன்னால, டிரைவருக்குப் பின்னால பச்சைச் சீலை கட்டிட்டு உக்காந்திருக்குது பாருங்க, அது என்ற தங்கச்சி. அமராவதின்னு பேரு. பக்கத்துல தாவணி போட்டிருக்கற புள்ள அதோட மக, பவளம். அண்ணனும் தங்கச்சியும் ஒரே பஸ்ஸுல போறோம், பேச்சு இல்லை. பக்கத்துல எடம் இருந்துதுங்க. நான் போய் உக்காரலாம்னு பாத்தன். "பின்னால நல்லாக் காத்து வரும், அங்க போய் உக்காருங்ணா"ங்கறா. மரியாதையாத்தான் சொல்றா. அவ எப்பவும் மரியாதையாத்தான் சொல்லுவா. அதுதான் எனக்கு ஆகறதில்லை. திட்டுனாலும் பரவாயில்லீங்க, திருப்பி நாமளும் ரெண்டு வார்த்தை திட்டலாம்.

பதினெட்டு வருசமா இப்படித்தான் இருக்கறா. எதனாலங்கறீங்க? ஒரு நாயினால. சிரிக்காதீங்க. நாய்ன்னு சொன்னா எங்க தெருவு நாய் இல்லீங்க. ரஷ்யா நாய்.

நான் அர்த்தநாரிங்க. சிங்காநல்லூர்ப் பக்கம் பஞ்சு மில்லுல வேலை, சங்கத்துல செயலாளரு. இப்பத்தான் ஒடம்பு முடியாம ஒதுங்கிட்டன். அந்தக் காலத்துல அர்த்தநாரி பேசறான்னா சூலூர்ல இருந்து சைக்கிள்ல வருவாங்க. ஆத்தாளும் அய்யனும் காலரால ஒண்ணாப் போனப்போ அமராவதிக்கு ஆறு வயசு. நான்தான் வளர்த்துனன். தோள்ல தூக்கிட்டுத்தான் சங்கத்துக்கே போவன். நான் மூணாவதோட நின்னவன், அவளை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வெச்சன். எங்க லைன் வீடுகள்லயே அவ்வளவு படிச்ச பொம்பளைப் புள்ள அவ ஒருத்திதான். அதையெல்லாம் யாரு நெனைக்கறா?

சங்க ஆபீசுல ஒரு படிப்பகம் இருந்துது. பொழுதோட ஷிப்டு முடிஞ்சு வர்ற ஆளுங்களுக்கு அமராவதி பேப்பர் படிச்சுச் சொல்லும். எனக்கும் அதுதான் படிச்சுச் சொல்றது. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த நாள் பேப்பர் வந்துரும். அவ படிக்கறதைக் கேட்டுக்குவன், அப்பறம் மேடையில நல்லபடியாக் கொண்டுவந்து சேத்துக்குவன். அதுக்கு ஒரு தெறமை வேணுமுங்க.

அம்பத்தேழு புரட்டாசி. அன்னைக்குப் பேப்பரை விரிச்சவ அப்படியே நின்னுட்டா.

"ஏனுங்ணா, இதைக் கேளுங்க."

ரஷ்யாவுல இருந்து ஒரு பந்தை ஆகாசத்துக்கு அனுப்பிச்சிருக்காங்களாம். அது பூமியைச் சுத்திக்கிட்டே இருக்குதாம். செயற்கைச் சந்திரன்னு போட்டிருந்துது. ஸ்புட்னிக்குன்னு பேரு. எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சுங்க. உழைக்கறவன் நாடு! அமெரிக்காக்காரன் பாத்துட்டு நிக்கறான், நம்மாளு சந்திரனையே செஞ்சு மாட்டிட்டான்! அன்னைக்கு ரேடியோவுல அதோட சத்தத்தைப் போட்டாங்க. கீ, கீ, கீன்னு. கோழிக்குஞ்சு கத்தறாப்பல. படிப்பகத்துல அத்தனை பேரும் ரேடியோவைச் சுத்தி நெருக்கிட்டு நின்னாங்க. நான் அழுதுட்டனுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

ஒரு வயசான ஆளு கேட்டாரு, "அதெப்படிம்மிணி, கீழ விழாம நிக்குது?"

அமராவதி சொன்னா, "நிக்கலீங்க. விழுந்துட்டேதான் இருக்குது. ஆனா அது விழற வேகத்துக்குப் பூமியும் வளைஞ்சுட்டே போகுது. அதனால தரை அதுக்குக் கெடைக்கறதே இல்லை."

நல்லாத்தான் சொன்னா. ஆனா இதை எப்படிங்க மேடையில சொல்றது? ரஷ்யாக்காரன் விட்ட சந்திரன் விழுந்துட்டே இருக்குதுன்னு நான் சொன்னா, எதிர்ச்சங்கத்துக்காரன் சும்மா விடுவானா? அதனால நான் மாத்திட்டன். "விழவே விழாத சந்திரன் தோழர்களே!"ன்னு பேசுனன். கைதட்டல் அடங்கறதுக்கு நேரமாச்சு. வீட்டுக்கு வந்தா, "தப்பாச் சொல்லிட்டீங்ணா"ங்கறா. கைதட்டுனவன் ஒருத்தனும் தப்புங்கலை.

அது நம்ம ஊர் மேல போறப்போ வெறும் கண்ணுலயே தெரியுமுன்னு சொன்னாங்க. வெடியக்காலம் மில்லு மைதானத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னன். ராத்திரி ஷிப்டு விட்டு வர்றவன், காலை ஷிப்டுக்குப் போறவன், ரீலிங்குல நூல் சுத்தற பொம்பளைங்க, அத்தனை பேரும் கழுத்தை அண்ணாந்துட்டு நிக்கறாங்க. மொத நாள் மேகம். "அர்த்தநாரி சந்திரனுக்கு இன்னைக்கு லீவா?"ன்னு சிரிச்சான் ஒருத்தன். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமுன்னு இருந்துது. மறுக்காக் கூப்பிட்டப்போ பாதிப் பேருதான் வந்தாங்க. அன்னைக்கு வானம் கழுவி உட்டாப்பல இருந்துது. அமராவதிதான் மொதல்ல பாத்தா. என்ற தோளைப் புடிச்சுத் திருப்பி, "அதா! அதா போகுதுங்ணா!"ன்னு கத்துனா. ஒரு நட்சத்திரம், சத்தமே இல்லாம, அது பாட்டுக்கு நகர்ந்து போகுது. அவ சின்னப் புள்ளையாட்டம் குதிச்சா. அது மறையற வரைக்கும் என்ற சட்டையைப் புடிச்சுட்டே இருந்தா.

அதுதாங்க கடைசி. அதுக்கப்பறம் அவ என்னைத் தொட்டுப் பேசுனதா எனக்கு ஞாபகம் இல்லை.

இப்ப வளைவுல வண்டி சாயும், கம்பியைப் புடிச்சுக்குங்க. ஆங், கேளுங்க.

அந்தச் சமயத்துலதான் வால்பாறையில இருந்து தோழர் சுடலைமுத்து எறங்கி வந்தாரு. எஸ்டேட்டுல சங்கம் கட்டிட்டு இருந்த மனுசன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசு இருக்கும். மொதச் சம்சாரம் மலைக் காய்ச்சல்ல போயிருச்சு. பீடி கிடையாது, காப்பி கிடையாது, பேசுனா நாலு வார்த்தை. எங்க வீட்டுல ரெண்டு நாள் தங்குனாரு. அமராவதிதான் சோறு போட்டா. அவரு தட்டைத் தானே கழுவி வெச்சாரு. அதைப் பாத்தப்பவே எனக்குத் தோணிருச்சு. இந்த மாதிரி ஒரு உத்தமனுக்குப் பொண்ணு குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது? சாதி பாக்கலீங்க. ஜாதகம் பாக்கலை. நகை நட்டுன்னு ஒரு பேச்சு இல்லை. எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்க பெரியப்பன் வீட்டு விசேசத்துக்கு எனக்கு அழைப்பில்லை. நான் அசையலை. கொள்கைன்னா கொள்கை.

கமிட்டியில எல்லாரும் ஒரே மனசாச் சம்மதிச்சாங்க. ரஷ்யப் புரட்சிக்கு நாப்பதாவது வருசம் அப்போ. நவம்பர் ஏழாந்தேதி பெரிய பொதுக்கூட்டம். அதே மேடையில சீர்திருத்தக் கல்யாணம்னு முடிவு பண்ணுனோம். மேல ஸ்புட்னிக்கு, கீழ சாதி ஒழிப்புக் கல்யாணம். எப்படி இருக்குது பாருங்க! எனக்குத் தோணுனதுதான் அது.

வீட்டுல சொல்றதுக்குள்ள யாரோ குழாயடியில அவகிட்டச் சொல்லிப்போட்டாங்க. பொம்பளைங்க வாய் நிக்காதுல்லீங்க. தண்ணிக் கொடத்தை எறக்கி வெச்சுட்டு வந்து கேட்டா.

"ஏனுங்ணா, எனக்குக் கல்யாணமாமே?"

"ஆமாம்மிணி. நம்ம சுடலைமுத்துத் தோழரு. உனக்கே தெரியுமே, தங்கமான மனுசன்."

"டீச்சர் டிரெயினிங் ஸ்கூலுக்கு நான் கேட்டிருந்தனுங்களே."

"அங்க மலையில எத்தனை புள்ளைங்க எழுத்து தெரியாமக் கெடக்குதுங்க தெரியுமா? நீ போய்ச் சொல்லிக் குடு. அதை விடப் பெரிய டிரெயினிங் எங்க இருக்குது?"

அவ கொடத்தைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க. ஒரு வார்த்தை சொல்லலை.

அந்த வாரந்தாங்க ரஷ்யாக்காரன் ரெண்டாவதை விட்டான். அதுக்குள்ள ஒரு நாய். லைக்கான்னு பேரு. மாஸ்கோ தெருவுல சுத்திட்டு இருந்ததைப் புடிச்சுக் கொண்டுபோய்ப் பழக்கி அனுப்பிச்சாங்களாம். பேப்பர்ல படமும் வந்துது. காதை ஒரு பக்கம் மடிச்சுட்டு, ஒரு பொட்டிக்குள்ள உக்காந்துட்டு, நம்மளையே பாக்குது. எனக்குத் தலை கால் புரியலை. மொதல்ல பந்து, இப்ப உசுரு! அடுத்தது மனுசந்தான்! நான் அதையே பேசிட்டு இருக்கறன், இவ சோத்தைப் பெசைஞ்சுட்டே கேக்கறா.

"அந்த நாய் எப்பங்ணா திரும்பி வரும்?"

"வரும்மிணி. அனுப்பத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதா?"

ரெண்டொரு நாள்ல பேப்பர்லயே வந்துருச்சு. திரும்பி வராதாம். எறக்கறதுக்கு வழி இன்னும் கண்டுபுடிக்கலையாம். அவதான் அதைப் படிப்பகத்துல படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, வீட்டுக்கு வந்துட்டா. நான் பின்னாலயே வந்தன்.

"வழி வெக்காமலே அனுப்பிச்சிருக்காங்ளேண்ணா."

"விஞ்ஞானத்துக்காகம்மிணி. உலகத்துக்காக."

"அது பாட்டுக்குத் தெருவுல சுத்திட்டு இருந்துது."

"தெருவுல சுத்துனா என்ன மரியாதை? இன்னைக்கு உலகத்துக்கே அது பேரு தெரியுமல்ல?"

"அதுக்குத் தெரியுமுங்களா?"

என்ன கேள்வி பாருங்க. நாய்க்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு அவ சாப்பிடலை. அடுத்த நாளும் சரியாச் சாப்பிடலை. கல்யாணத்தை வெச்சுட்டு ஒரு பொண்ணு நாய்க்காகப் பட்டினி கெடக்குது. என்ற சம்சாரம் சொன்னா, "அவளுக்கு என்னமோ மனசுல இருக்குதுங்க, கேளுங்க"ன்னு. என்ன இருக்கும்? அந்த நாய்தான் இருக்கும். சின்ன வயசுலயே அவளுக்கு எளகுன மனசு. போகப் போகச் சரியாயிரும்னு நான் கூட்ட வேலையைப் பாக்கப் போயிட்டன்.

ஏழாந்தேதி மைதானம் பூராச் செவப்பு. அத்தனை சனம். நான் ஒரு மணி நேரம் பேசுனன். லைக்காவைப் பத்தியும் பேசுனன். தியாகின்னு சொன்னன். நம்மள்ல எத்தனை பேருக்கு அந்த நாயோட தைரியம் இருக்குதுன்னு கேட்டன். நல்லா எடுபட்டுது. அப்பறம் மாலை மாத்தியாச்சு, ரெண்டு பேரும் உறுதிமொழி சொல்லியாச்சு. சொன்னா, இல்லைங்கலை. அதோட விட்டிருக்கோணும். என்ற கெரகம், நானே மைக்குல சொன்னன்: "புதுமைப் பெண் அமராவதி ரெண்டு வார்த்தை பேசுவாங்க." மணமகளே மேடையில பேசறது அந்தக் காலத்துல எவ்வளவு முற்போக்கு, யோசிச்சுப் பாருங்க.

அவ எந்திரிச்சு வந்தா. கழுத்துல மாலை. மைக்கு ஒசரமா இருந்துது, யாரோ எறக்கி வெச்சாங்க. அவ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஞாபகம் இருக்குது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மேல ஒரு நாயை அனுப்பிச்சிருக்காங்க. அண்ணன் அதைத் தியாகின்னு சொன்னாங்க. தியாகம்னா தெரிஞ்சு போறதுங்க. அதை யாரும் கேக்கலை. திரும்பி வர்றதுக்கு வழியும் வெக்கலை. அதைப் பழக்குனவங்க தடவிக் குடுத்துத்தான் உள்ள உக்கார வெச்சிருப்பாங்க. அதுவும் நம்பித்தான் உக்காந்திருக்கும். இப்ப நம்ம தலைக்கு மேல போயிட்டு இருக்குதோ என்னமோ. அதுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நில்லுங்க."

நின்னாங்க சார்! கூட்டம் பூரா எந்திரிச்சு நின்னுதுங்க! மொதல்ல எந்திரிச்சது ரீலிங்குப் பொம்பளைங்கதான். அப்பறம் ஆம்பளைங்க. புரட்சி நாள் மேடையில, ஒரு நாய்க்கு மௌன அஞ்சலி! நான் என்ன பண்றது? நானும் கையைக் கட்டிட்டு நின்னன். முன்வரிசையில பொம்பளைங்க முந்தானையை வாயில வெச்சுட்டு அழுகறாளுங்க. எதுக்கு அழுதாளுங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. வீட்டு வாசல்ல ஒரு நாய் வந்தா வெளக்கமாத்தை எடுக்கறவளுங்க.

மேடையை விட்டு எறங்குனப்போ சுடலைமுத்து என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

"தோழர், பிள்ளைக்குச் சம்மதந்தானே? மனசுல வேற எதுவும் இல்லையே?"

"சம்மதமில்லாமயா மாலை போட்டா? கூச்சம், அவ்வளவுதான்."

அவரு அவளைத் திரும்பிப் பாத்தாரு. அவருக்கும் சங்கடமாத்தான் இருந்திருக்கும். எனக்கே அப்படி இருந்துதே. எதிர்ச்சங்கத்துக்காரங்க கதை கட்டிட்டாங்க. நான் மில்லு கேட்டுக்குள்ள நொழைஞ்சா எவனோ ஒளிஞ்சு நின்னுட்டு லொள் லொள்ளுங்கறான். மாசக் கணக்குல. பத்து வருசம் கஷ்டப்பட்டுச் சேத்த பேரு, அவ ஒரு நிமிசத்துல தண்ணியில கரைச்சுட்டா.

அடுத்த நாளே மலைக்கு அனுப்பி வெச்சன். பஸ் ஸ்டாண்டுல, "போயிட்டு வர்றனுங்ணா"ன்னு சொல்லுவான்னு பாத்தன். "போறனுங்ணா"ன்னா. அது ஒரு நல்ல வார்த்தையா? வண்டி கெளம்பறப்போ சன்னல் வழியா என்னையே பாத்துட்டு இருந்தா. எனக்குக் கண்ணுல தூசி விழுந்துருச்சு. பொள்ளாச்சி ரோட்டுல எந்நேரமும் தூசிதானே.

மார்கழிக்கு முன்னால அமெரிக்காக்காரன் அவனோட சந்திரனை விட்டான். விட்டானா? நின்ன எடத்துலயே வெடிச்சுப் போச்சு! உலகமே சிரிச்சுது. நான் பேப்பரைத் தூக்கிட்டு வீட்டுக்கு ஓடுனன். "அம்மிணி, இதைப் படி, சத்தமாப் படி!"ன்னுட்டே உள்ள போனன். என்ற சம்சாரம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. அப்பறந்தான் ஞாபகம் வந்துது. அதுக்கப்பறம் என்ற பேச்சுல பழைய சூடு இல்லைன்னு ஆளுங்க சொன்னாங்க. அது கட்சி ஒடைஞ்சதுனாலங்க. வேற ஒண்ணுமில்லை.

மலைக்கு நான் அடிக்கடி போனதில்லை. சங்க வேலை. அங்க இருந்து ஆளுங்க சொல்லித்தான் தெரியும். மாசக் கணக்குல மழை. சுடலைமுத்து பாதி நாள் ஜெயில்ல, மீதி நாள் எஸ்டேட் எஸ்டேட்டா நடை. அவ லைன் வீட்டுல ஒத்தையில. பொம்பளைப் புள்ள பொறந்துதுன்னு தகவல் வந்துது. செயற்கைச் சந்திரன் ஞாபகமா சந்திரிகான்னு வெக்கச் சொல்லி ஆள்கிட்டச் சொல்லி அனுப்பிச்சன். அவ பவளம்னு வெச்சா. சரி, அதுவும் நல்ல பேருதான்.

அறுவதுல பாருங்க, ரஷ்யாக்காரன் ரெண்டு நாயை அனுப்பிச்சு, பத்திரமா உசுரோட எறக்கிட்டான்! பெல்கா, ஸ்ட்ரெல்கான்னு பேரு. நான் விடலை. அன்னைக்கே லீவு சொல்லிட்டு, பேப்பரைச் சுருட்டி எடுத்துட்டு மலையேறுனன். இத்தனை வருசப் பொணக்கு இன்னைக்கோட தீந்துருமுன்னு ஒரு சந்தோசம். போறப்போ கொட்டற மழை. அமராவதி வாசப்படியில உக்காந்து புள்ள கால்ல ஏறுன அட்டைக்குச் சுண்ணாம்பு வெச்சு எடுத்துட்டு இருந்தா. இளைச்சுப் போயிருந்தா. நான் பேப்பரை விரிச்சுக் காட்டுனன்.

"பாத்தியாம்மிணி! ரெண்டும் திரும்பி வந்துருச்சு. ஒரு கீறல் இல்லை. நான் அன்னைக்கே சொன்னனல்ல?"

அவ பேப்பரை வாங்கி நிதானமாப் படிச்சா. படத்தைப் பாத்தா. அப்பறம் மடிச்சு என்ற கையில குடுத்தா.

"இது வேற நாயிங்ணா"ன்னா.

அவ்வளவுதாங்க. எந்திரிச்சுப் போய் டீ வெச்சா. வேற நாய்தான். யாரு இல்லைன்னா? அதே நாய்ன்னா நான் சொன்னன்? ஒரு மனுசன் அத்தனை வளைவு ஏறி, ரெண்டு தடவை வாந்தி எடுத்து, மழையில நனைஞ்சு ஒரு நல்ல சேதி கொண்டுட்டு வந்தா, இப்படித்தான் பேசறதா? நீங்களே சொல்லுங்க.

சுடலைமுத்து எழுவதுல போயிட்டாரு. மாரடைப்பு. தேயிலைக் காட்டுக்குள்ள நடந்துட்டு இருந்த மனுசன் அப்படியே உக்காந்துட்டாராம். எஸ்டேட்டே வேலைக்குப் போகாம நின்னுது அன்னைக்கு. காரியம் முடிஞ்சதும் நான் சொன்னன், "வாம்மிணி, எறங்கிப் போலாம். அண்ணன் வீடு இருக்குது."

"எதுக்குங்ணா? எனக்கு இங்க வேலை குடுக்கறாங்க. புள்ளைங்களைப் பாத்துக்கற எடத்துல."

"ஆயா வேலையா? எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டு?"

"ஆமாங்ணா. அவரு இருந்தப்பவே பேசி வெச்சிருந்தாரு. லைன் பொம்பளைங்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தர்றன். அதுக்கு அவருதான் தட்டி கட்டி எடம் பண்ணிக் குடுத்தாரு."

கூப்பிட்டன். வர மாட்டேன்னுட்டா. எறங்கறதுக்கு வழி நான் காட்டுனன், அவதான் எறங்கலை. இதுக்கும் என்மேல குத்தம் சொல்ல முடியுமுங்களா? முடியாதல்ல?

இப்பத்தான் விசயத்துக்கு வர்றன். பவளம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிருச்சு. நல்ல மார்க்கு. பதினேழு ஆகப் போகுது. திருப்பூர்ல பனியன் கம்பெனி சங்கத்துல ஒரு பையன் இருக்கறான். தங்கம். குடி கிடையாது. நல்லாப் பேசறான், இன்னும் கொஞ்ச நாள்ல பெரிய ஆளா வருவான். நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னுட்டான். இன்னைக்குப் பொழுதோட அவனோட அம்மாவும் சித்தப்பனும் எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. என்ற சம்சாரம் இந்நேரம் கேசரி கிண்டிட்டு இருப்பா.

இல்லீங்க, அவகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா எதையாச்சும் பேசுவா. லீவுக்கு நாலு நாள் வீட்டுல வந்து இருங்கன்னு மட்டுந்தான் சொன்னன். நேத்து வந்து கூப்பிட்டன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசலீங்க. "சரிங்ணா, காலைல மொத வண்டிக்கு வர்றோம்"னா. எனக்கே ஆச்சரியம். வயசாக வயசாகத்தான் மனுசருக்குப் பக்குவம் வருது. பவளம் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பாத்துது. அது அப்பனாட்டம், பேச்சு கம்மி.

ஆழியாறு தாண்டிச் சமவெளிக்கு வந்துட்டோம், பாத்தீங்களா? இனி வயிறு பெரட்டாது.

என்னுங்க? என்ன கேட்டீங்க?

அம்பத்தேழுல அவளைக் கேட்டனான்னா? கல்யாணத்துக்கா? என்ன சார், நீங்களும் இப்படிக் கேக்கறீங்க. என்ற சம்சாரமும் இதையேதான் கேட்டுட்டு இருக்கறா. நாலு ஊரு மாப்பிள்ளையைக் காட்டி எது வேணுமுன்னு கேக்கறதுக்கு இது சீலைக் கடையா? நான் அவளுக்குக் கெடுதலா நெனைச்சன்? சுடலைமுத்துல ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாக்கலாம். அவளே சொல்ல மாட்டா. அந்த மனுசன் செத்தப்போ அவ அழுத அழுகை எனக்குத் தெரியும். அப்பறம் என்ன? நல்ல எடத்துலதானே குடுத்தன்? அவ கோவம் அது இல்லீங்க. நான் இத்தனை நேரம் சொன்னதை நீங்க சரியாக் கேக்கலை. அவ கோவம் அந்த நாயைப் பத்தித்தான். அதை நான் அனுப்பலை. ரஷ்யாக்காரன் அனுப்புனான்.

அவளையே கூப்பிட்டுக் கேக்கலாம், இருங்க. அமராவதி! அம்மிணீ! இந்த சாரு...

அது யாருங்க அங்க உக்காந்திருக்கறது? வெத்தலைக் கூடை வெச்சுட்டு? அங்கதானே இருந்தாங்க? நீங்க பாத்தீங்களா சார்? பச்சைச் சீலை. தாவணிப் புள்ள.

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர்! அந்தச் சீட்டுல இருந்த அம்மா எங்க?

எப்ப? ஆழியாறுலயா? வண்டி நின்னப்பவா? நான் இங்கதானே இருக்கறன், எனக்குத் தெரியாம எப்படி எறங்குனாங்க? எந்த வண்டி ஏறுனாங்க? உடுமலை வண்டியா? மேல இருந்த பொட்டியையும் எறக்கிக் குடுத்தீங்களா? பெரிய பொட்டியா? அது பொட்டி கொண்டாந்ததே எனக்குத் தெரியாதே!

உடுமலையில என்னங்க? ஆஸ்பத்திரியிலயா? நர்ஸ் படிப்புக்கா? பவளத்துக்கு எடம் கெடைச்சிருக்குதா? ஹாஸ்டல்லயே தங்கிப் படிக்கறதா? உங்ககிட்ட யாரு சொன்னா? பவளமே சொல்லுச்சா? சிரிச்சுட்டே சொல்லுச்சா?

என்கிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணும் சொல்லலையா அவ? நல்லா நெனைச்சுப் பாருங்க. என்ன? "அண்ணன் அந்த சாருகிட்டப் பேசிட்டு இருக்காங்க, பேசி முடிக்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்"னாளா?

பாத்தீங்களா சார். பாத்தீங்களா. இதைத்தான் நான் சொன்னன். வீட்டுல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க. நான் என்ன மூஞ்சியை வெச்சுட்டுப் போய் நிக்கறது? பெத்த அப்பன் இல்லாத புள்ள, மாமன்னு நான் ஒருத்தன் இருக்கறன். கூடப் பொறந்த அண்ணன், தோள்ல தூக்கி வளர்த்துனவன், அதே பஸ்ஸுல பத்தடி பின்னால உக்காந்திருக்கறன். அத்தனை பெரிய முடிவு எடுத்திருக்கறா. எடம் வாங்கி, பொட்டி கட்டி, கெளம்பிப் போயே போயிட்டா.

நீங்க படிச்சவங்க, நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா சார்? ஒரே ஒரு வார்த்தை?